மூன்று துளைகள்

ரிச்சி தெருவில் ஜைனுலாபுதீன்
பழைய மதர்போர்டுகளை எடைபோட்டு விற்கிறார்.
"இது ஓடுமா?" என்றேன்.
"ஓட இது என்ன ஆட்டோவா மேடம்?"
நானூற்றைம்பது கிராம். மஞ்சள் பையில் போட்டுத் தந்தார்.

சாக்கெட்டுக்குப் பக்கத்தில் மூன்று துளைகள்,
எந்தக் காலும் நுழையாமல்.
மேலே வெள்ளையில் க்யூ ஐந்து என்று பெயர் மட்டும்.
அங்கே ஒரு ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்க வேண்டும்.
தொண்ணூற்று நான்கில் யாரோ ஒரு கம்பெனிக்காரர்
பத்து ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்.
இடத்தை விட்டுவைத்து, குறுக்கே
ஒரு கம்பித் துண்டைப் பற்றவைத்துவிட்டார்:
வருகிற ஐந்து வோல்ட்டும் நேரே உள்ளே.

முதல் சிப்பைக் கொன்றது நான்தான்.
மூன்று புள்ளி நான்கு ஐந்து என்று
அதன் முதுகிலேயே எழுதியிருந்தது.
கண்ணாடி போடாமல் படித்தேன்.
ஒன்பது நொடி.
"கேஸைப் பாருடி!" என்று மாடியிலிருந்து செலின் கத்தினாள்.

பகலில் நான் மின்வாரியப் புகார் மையத்தில்.
வியாசர்பாடியிலிருந்து ஒருவர்
ஃபிரிட்ஜ் எரிந்த கதையை
என் தாத்தா பெயர் வரைக்கும் இழுத்துச் சொல்வார்.
லைன்மேன் தணிகாசலத்துக்கு நான் சொல்வது:
"பதினேழாம் கம்பம், ஒரு ஃபேஸ் இல்லை."
நடுவில் குறைந்தது எங்கே போகிறதென்று
யாரும் கேட்டதில்லை.

டேட்டாஷீட் கேட்கிறது.
ஒன்றரை வோல்ட், ஒன்றேகால் ஆம்பியர்,
ஏறக்குறைய இரண்டு வாட் சூடு.
வெளியேற வழி வை,
இல்லையென்றால் தானே அணைந்துகொள்ளும்.

மே மாதம். சால்டரிங் முனை ஆறிவிடுமென்று
ஃபேனை நிறுத்தினேன்.
வியர்வை போர்டில் சொட்டாமல் நெற்றியில் துண்டு.
கம்பியைப் பிடுங்கினேன்.
நூறு ஓம் ஒன்று, நூற்று எழுபத்தெட்டு ஒன்று,
மிளகளவு கப்பாசிட்டர் இரண்டு.
ஹீட்சிங்க், உடைந்த ஜன்னலின் அலுமினியச் சட்டம்.
வெறும் சாக்கெட்டில் மீட்டர் வைத்தேன்:
மூன்று புள்ளி நான்கு ஏழு.
நம்பாமல் முனையைத் துடைத்து மறுபடி.
அதேதான்.

இரண்டாவது சிப்பை வைத்து
கண்ணை மூடிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன்.
ஒரு பீப்.
மெமரியை எண்ணத் தொடங்கியது, அவசரமே இல்லாமல்,
பேங்க் கேஷியர் மாதிரி.
எட்டாயிரத்தைத் தாண்டி நின்று
இன்று தேதி எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று என்றது.
இருக்கட்டும் என்றேன்.

தெருவே அணைந்தது.

புகார் எண்ணை அழுத்தினேன்.
வரிசையில் நாற்பத்தோராவது ஆள்.
இருட்டில் ஹீட்சிங்க்கைத் தொட்டேன்,
நான்கு எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டியிருந்தது.
அடுத்த முறை பதினொன்று வரை தாங்கியது.
அப்புறம் எண்ணவில்லை, விரல் அங்கேயே இருந்தது.

ஃப்ளோராதான் எடுத்தாள்.
"வணக்கம், உங்கள் மின் இணைப்பு எண்..."
கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
"ராத்திரிக்கு என்னடி சாப்பாடு?" என்று கேட்டேன்.
"சேமியா," என்றாள். "உன் ஏரியாவும் போச்சா?"