நாளை காலை ஏழு மணி

முதல் படத்துக்கு நீலப் பின்னணி வைத்தேன்.
ஓரத்தில் ஒரு துளி, மழமழவென்று,
யாரோ வரைந்து இலவசமாய் விட்டுப்போனது.
நடுவில் எழுத்து:
குழாய் மாற்றும் பணி காரணமாக
பாவோனா குன்று முழுவதும்
பதினோரு மணி நேரம் தண்ணீர் வராது.
ஒன்பது லைக்.
மூன்று எங்கள் அலுவலகம்,
ஒன்று தவறி விரல் பட்ட என் அம்மா.

"குடும்பம் ஒன்றைப் போடு, யாஸ்னா,
சிரிக்கிற குடும்பம்" என்றார் தோன் உலிசெஸ்.
தண்ணீர் நிற்பதற்கு எதற்குச் சிரிக்க வேண்டும்
என்று கேட்கவில்லை. சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாள்.
போட்டேன். அப்பா, அம்மா, பல்வரிசை, ஒரு நாய்.
பதினான்கு லைக். நாய்க்காக.

வல்பரைசோவில் படம் எடுப்பது சுலபம் என்பார்கள்.
மஞ்சள் வீடு, ஊதா வீடு, பின்னால் கடல்.
கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும்
அதே படிக்கட்டில் அதே பக்கம் சாய்ந்து நிற்கிறார்கள்.
நான் காட்ட வேண்டியதோ
இல்லாத ஒன்றை.
இல்லாததை எந்தக் கோணத்திலிருந்து எடுப்பது?
வெறும் வாளியை எடுத்தேன்: அது வாளி.
வறண்ட குழாயை எடுத்தேன்: அது மூடிய குழாய்,
பொறுப்பான வீட்டில் இருக்கிற குழாய்.

இரவு பத்தரை. என் தம்பி பால்தசார்
தலை நிறைய நுரையோடு குளியலறையிலிருந்து கத்தினான்,
துண்டு எங்கே என்று.
கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
ஒரு கையால் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தான்.
நுரை ஒரு புருவத்தைத் தாண்டி
அடுத்ததற்கு வழி கேட்டது.
துண்டு கொடுக்கவில்லை நான்.
"அசையாதே" என்றேன்.

நெஞ்சுக்கு மேல் மட்டும் வெட்டினேன்.
துளியை அழித்தேன். முத்திரையைச் சுருக்கினேன்.
குன்றின் பெயரை அடியில் பொடியாய் வைத்தேன்.
பதினோரு வரியை நான்கு சொல்லாக்கினேன்:
நாளை காலை ஏழு மணி.

விடிவதற்குள் குன்று முழுக்க நிரம்பியது.
பானை, பூச்சாடி, கேக் அச்சு, குழந்தை குளிக்கும் தொட்டி.
குழாயை மாற்றினார்கள்.
மாலை ஆறுக்குத் தண்ணீர் வந்தது, கொஞ்சம் காவி நிறமாய்.
தோன் உலிசெஸ் கைகுலுக்கினார்.
அங்கே முடிந்திருக்க வேண்டும்.

படத்துக்கு மாலை தெரியாது.
யாரோ அடியை வெட்டிவிட்டார்கள், குன்று போயிற்று.
கடலோரமாகவே வடக்கே ஏறி
கொக்கிம்போ போனது, அந்தோஃபகாஸ்தா போனது.
ஒவ்வொரு கையிலும் அப்போதுதான் பிறந்தது.
தேதி போட்டிருக்கலாம்.
நுரையின் வளைவைக் கெடுக்கிறது என்று
நான்தான் எடுத்தேன்.

வியாழன் இரவு வாளி நிரப்பினார்கள்.
வெள்ளி இரவும்.
எங்கள் குழாய் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் ஊரில்
ஒரு சலூன் காலையில் திறக்கவேயில்லை.
அழைப்பு மையத்திலிருந்து மிரெய்யா
காதைத் தேய்த்துக்கொண்டு வந்தாள்.
"நாளைதானே என்று கேட்கிறார்கள்.
எந்த நாளை என்று சொல்ல?"

திருத்தம் போடச் சொன்னார்கள்.
நீலப் பின்னணி. ஓரத்தில் துளி.
நாள், மாதம், ஆண்டு, தெருவாரியாக எல்லாம் தெளிவாய்.
ஆறு லைக்.

பால்தசார் பேருந்தில் ஏறினால் இப்போதெல்லாம்
ஓட்டுநர் சில்லறைக்கு முன்னால் கேட்கிறார்:
"கழுவியாச்சா, தம்பி?"
என்னோடு அவன் பேசி ஒன்பது நாள்.

நேற்று இரவு பல் துலக்கப் போனேன்.
குளியலறை மூலையில் சிவப்பு வாளி,
விளிம்பு வரை, தூசி விழாமல் மேலே ஒரு தட்டு.
அவன்தான் வைத்திருக்கிறான்,
எல்லாம் தெரிந்த அவனே.
தட்டைத் தூக்கினேன். உள்ளே விளக்கு நடுங்கியது.
நல்ல வெளிச்சம்.
போனுக்குப் போன கையை
திருப்பி, அதில் நனைத்துக்கொண்டேன்.