தலையில் பதினான்கு வரி

ஹித் நிலையத்தில் கடல் குடிநீராகும் வழியில்
உப்பை எண்ணும் ஒரு சின்னப் பெட்டி.
அதற்குள் ஓடுவது எங்கள் நிரல்.
ஞாயிறு ஒப்படைக்க வேண்டும்.
வியாழன் மாலை தணிக்கைக் கருவி
ஒரே ஒரு கோப்பின் மேல் சிவப்பாக நின்றுவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டு வரி ஹெடர் ஃபைல்.
பெரும்பாலும் எண்கள், எண்களுக்குப் பெயர்கள்.
தலையில் ஊர் இல்லை, ஆண்டு இல்லை, ஆள் இல்லை.
இனிஷியல் இல்லாத பிள்ளை மாதிரி
நேராக வேலையைத் தொடங்கியிருந்தது.

"எண்ணுக்குச் சொந்தக்காரர் உண்டா?" என்றார்
சட்டப்பிரிவு ரூலா, காபி ஆறிக்கொண்டிருக்க.
இல்லை. சிப்பின் கதவிலக்கம் அது,
யார் எழுதினாலும் அதே இலக்கம்.
"அப்புறம் என்ன?"
தொண்ணூறாம் வரிக்குக் கீழே பாருங்கள்.
எட்டு வரி.
உப்பளவு திடீரென்று துள்ளினால்
எத்தனை நொடி பொறுத்து நம்பலாமென்று
யாரோ உட்கார்ந்து யோசித்தது.

யாரோ யார் என்பது தெரிந்துவிட்டது.
'ரிசீவ்' என்ற சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறியிருந்தன.
அதே பிழை, அதே வரியில்,
2003இல் யோஸ்ட் வெர்மாலன் என்பவர்
பொதுவில் வைத்த கோப்பிலும்.
அதன் தலையில் பதினான்கு வரி:
எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் விற்றுக்கொள்,
என் பெயரை மட்டும் எடுக்காதே,
மாற்றியதை வாங்குபவருக்குத் திறந்து காட்டு.

எடுத்தது கிதியோன்.
எனக்கு முன் இந்த நாற்காலி அவனுடையது.
கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.
தலையெழுத்தைச் செதுக்கிவிட்டு
உடம்பை வேலைக்கு வைத்தவன்.
இழுப்பறையில் இன்னும் கிடக்கிறது
அவன் விட்டுப்போன நெயில்கட்டர்.

என்னிடம் இங்கே கவுண்டரில் குடும்பப் பெயர் கேட்டார்கள்.
இருந்தது ஒரு 'பொ.' மட்டும்.
விரித்து எழுதிக்கொண்டார்கள்.
ஆறு ஆண்டாக அலுவலகம் முழுக்க
என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறது:
பொன்னுச்சாமி, மீட்டிங்.
பொன்னுச்சாமி, லிஃப்ட் வந்தாச்சு.
திரும்பிப் பார்ப்பது நான்.

வெள்ளி, குதைபியா அறை.
சிப்பின் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு
புதிதாக எழுதிப் பார்த்தேன்.
எண்கள் எல்லாம் தாமாகவே அதே எண்களாக வந்தன.
எட்டு வரி வேறாக வந்தது, என்னுடையது, கொஞ்சம் மந்தம்.
என்னுடையதுதானா?
அவர் கோப்பை ஏற்கெனவே படித்துவிட்ட கண்ணாயிற்றே.
'ரிசீவ்'வைத் திருத்தினேன்.
நாற்பத்தொரு இடத்தில் உடைந்தது.
மற்ற கோப்புகளுக்கெல்லாம்
அந்தப் பிழைதான் பெயர்.

பிழையைத் திரும்ப வைத்தேன்.
பழைய கோப்பையும்.
அதன் தலையில் பதினான்கு வரியை, புள்ளி மாறாமல்.

ரூலா கேட்பார்:
ஒரு ஹெடருக்காக முழு நிரலையும் திறக்கணுமா?
தெரியாது.
எட்டு வரி எவ்வளவு தூரம் இழுக்குமென்று
எனக்குச் சொல்லத் தெரியாது.
அடுக்களையில் குழாயைத் திறந்தேன், ஒரு டம்ளர் குடித்தேன்,
வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்:

அன்புள்ள வெர்மாலன்,
உங்கள் எழுத்துப்பிழை ஒன்று
இங்கே பஹ்ரைனில்
உப்பு எண்ணிக்கொண்டிருக்கிறது.