கடைசியாக நடப்பவள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு,
வாலிநோக்கம் ஏலக்கூடத்துக்குப் பின்னால்,
ஐந்தேகால்.
ராயப்பன் சார் விசில் ஊதுவார்.
தபாலாபீசில் முத்திரை குத்திய அதே கை
எங்களைத் தோள்தோளாகத் தொட்டு எண்ணும்.
அவரையும் சேர்த்துப் பதினொரு பேர்.
முன்னே போவது அவர் வேலை.
பின்னே வருவது என்னுடையது.

தண்ணீர், பேண்டேஜ், உப்புச் சர்க்கரைப் பொட்டலம்,
அறுந்த செருப்புக்கு ஒரு சுருள் தூண்டில் நரம்பு,
எல்லாம் என் பையில்.
யாரையும் தாண்டிப் போகக் கூடாது.
எனக்கிருக்கும் ஒரே விதி அது.

வாரம் முழுக்க வீடு வீடாகக் கரண்ட் மீட்டர் படிப்பவள்
ஞாயிற்றுக்கிழமை குதிகால்களைப் படிக்கிறேன்.
நர்ஸ் அமலோற்பவம்: பெருவிரல் மட்டும் ஆழம்,
எந்த வார்டிலோ மணி அடித்துவிட்டது போல.
உப்பளத்துக் கணக்கர் வேல்மயில்
ஈரமும் காய்ந்ததும் சேரும் கோட்டின் மேலேயே,
பேரேட்டில் நடப்பவராக.
ஜெசிந்தாவும் அவள் வீட்டுக்காரரும்
புறப்படும்போது ஒட்டிக்கொண்டு இரண்டு வரிசை,
மாரியூர் வருமுன்னே நடுவில் பத்தடி மணல்.
யாரிடமும் சொன்னதில்லை.
அலை வந்து வாங்கிக்கொள்ளும்.
டெய்லர் சீனி முகம்மது இடது காலை இழுப்பார்.
ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு வால்,
மிஷின் மிதித்த நாற்பது வருடத்தின் நீளம்.

மாசியில் சிறுமலை போனோம்.
வேன் வாடகை தலைக்கு அறுநூறு.
எங்கள் பக்கம் உயரம் என்றால்
பனை, தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர்.
அடிவாரத்தில் பதினொரு பேரும்
அண்ணாந்து நின்றோம்,
பஸ்ஸின் போர்டு படிக்க முடியாதவர்கள் போல.

பாறை எதையும் எழுதிக்கொள்ளாது.
சருகு உடனே மூடிக்கொள்ளும்.
மூன்றாவது வளைவில் குனிந்து பார்த்தேன்.
கல். வேர். கல்.
ஒரு குதிகால் இல்லை.
விசில் கேட்டது,
எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது.

ஒரு எலுமிச்சைத் தோட்ட வேலியோரம்
சீனி முகம்மது உட்கார்ந்திருந்தார்.
கால் வலியா என்றேன். இல்லை.
மூச்சு வாங்குதா? இல்லை.
"கடல் எந்தப் பக்கம்மா?"
தெரியலையே அண்ணே.
"போறப்ப எடது காதுல கெடக்கும்,
வாறப்ப வலது காதுல.
இங்க ரெண்டு காதும் காலி.
எப்பிடி நடக்குறது?"

என் பையில் அதற்கு ஒன்றும் இல்லை.
உப்புச் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன்.
பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினார்.
ஏதோ ஒரு பறவை
ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஒன்பது பேர் உச்சியைப் பார்த்துத் திரும்பினார்கள்.
உச்சியில் வேறொரு மலைதான் தெரிந்தது என்றார் வேல்மயில்,
ஐந்து ரூபாய் குறைகிற குரலில்.
ராயப்பன் சார் எண்ணினார்.
எங்கள் இருவர் தோளிலும்
கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தியது.

இந்த ஞாயிறு மறுபடி இங்கே.
குண்டாறு கடலில் சேருமிடத்தில்
சேறு கணுக்கால்வரை.
கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் போக,
சீனி முகம்மது செருப்பை உதறுகிறேன் என்று நின்றார்.
ஒரு செருப்பை எவ்வளவு நேரம் உதற முடியும்?
நானும் நின்றேன்.
"போம்மா" என்றார்.
நீங்க போங்கண்ணே.
"போன்னா போ."

நான்கடி போயிருப்பேன்.
"ஒனக்கு வலது குதிகால் வெளிய சாயுது.
ரொம்ப நாளாவே இருக்கும் போல.
யாரும் சொல்லலியா?"
அளவு எடுக்கிற குரல்,
தோளில் டேப் தொங்குகிற குரல்.

யார் சொல்லுவா என்றேன், திரும்பாமல்.

முன்னால் விசில்.
இடது காதில் கடல்,
அதன் மேல் கோடு கிழித்தபடி
பின்னால் ஒரு கால் இழுபடும் சத்தம்.
என் விதியை மீறிக்கொண்டு
மூக்கையூர்வரை
ஒருவரைத் தாண்டியே நடந்தேன்.