ஏழரை சென்டிமீட்டர்

ரிச்சி தெருவில் நூருல்லா கட்டித் தந்த பெட்டி
என் மடியில் உட்கார்ந்து வந்தது
வில்லிவாக்கம்வரை, மீட்டர் போடாத ஆட்டோவில்.
கறுப்பு மட்டும்தான். ஸ்கேன் இல்லை, வைஃபை இல்லை,
ஒரே ஒரு பொத்தான்.
"கெட்டுப்போறதுக்கு இதுல ஒண்ணுமில்லக்கா" என்றார்.
பத்து நாளுக்குள் கொண்டுவந்தால்
மாற்றித் தருவார்.

பொத்தானைத் தொட்டதும்
ட்யூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது,
ஃபேன் ஒரு சுற்றை விழுங்கியது.
"இன்வெர்ட்டர்ல போட்டுத் தொலைக்காதே"
சோபாவிலிருந்து தணிகை.
பன்னிரண்டு விநாடி உறுமல். பிறகு
இஸ்திரிக்காரர் கையிலிருந்து வாங்கிய சட்டைபோல்
சூடாக ஒரு தாள்.
விரலால் தேய்த்தேன்.
எச்சில் தொட்டும் தேய்த்தேன்.
கலையவில்லை.

சோதனைக்கு நான் அடித்த வரி:
பல மரம் கண்ட தச்சன்
ஒரு மரமும் வெட்டமாட்டான்.
மூன்று மாதமாகப் பதினேழு மாடல் பார்த்தவளுக்கு
அது வேண்டியதுதான்.

நோட்டில் கணக்கு:
டியூஷனுக்குப் பதினொரு பிள்ளைகள்,
ஆளுக்கு நாலு பக்கம், இருபத்து நாலு நாள்,
ஆயிரத்து ஐம்பத்தாறு.
நாதமுனி பக்கத்து ஜெராக்ஸ் கடையில்
பக்கம் இரண்டு ரூபாய்,
பென் டிரைவில் வைரஸ் இலவசம்.
இதனோடு வந்த டோனரோ எழுநூறு பக்கம்தான் ஓடுமாம்.
அதை அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில்
எறும்பு எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே மூன்றாம் நாள்
'டோனர் சிக்கனம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
எழுத்து சாம்பலாய் வந்தது, பரவாயில்லை.
ஆனால் மெய்யெழுத்தின் தலையில்
புள்ளி தங்கவில்லை.
கல்வி ஆண்டு என்று நான் போட்ட முகப்பில்
கல்வி இல்லை.
புள்ளி போனபின் அங்கே நின்ற சொல்லை
ஆறாம் வகுப்புக்குக் கொடுக்க முடியாது.
பதினொரு தாளையும் நாலாய்க் கிழித்து
குப்பைக்காரருக்கும் தெரியாமல் கட்டிப் போட்டேன்.

ஐந்தாம் நாள் மழை.
நமுத்த காகிதம் உள்ளே போய்
பொரித்த அப்பளமாய்ச் சுருண்டு வந்தது.
இப்போது ரீம் அரிசி டின்னில் இருக்கிறது,
அரிசி பிளாஸ்டிக் பையில்.

ஆறாம் நாள்தான் அதைப் பார்த்தேன்.
இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி,
கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று.
ஸ்கேல் வைத்து அளந்தேன்.
"எவ்வளவு?"
"ஏழரை சென்டிமீட்டர்."
"ஏழரையா!" என்று எழுந்தே உட்கார்ந்தார் தணிகை.
வரியின் முதல் சொல்லில், ல-வின் தலையில்
குறி பார்த்து விழுந்திருந்தது.
"மிஸ், பல் மரம்னா என்ன மிஸ்?" என்றாள் யாழரசி.

ஃபோனில் நூருல்லா:
"டிரம்ல கீறல் இருக்கும்க்கா.
அது ஒரு சுத்து சுத்தினா ஒரு புள்ளி.
கொண்டாங்க, மாத்திடலாம்."

கொண்டுபோக நினைத்திருந்தேன்.
ஒன்பதாம் நாள் இரவு பத்தே காலுக்கு
மூன்றாம் மாடி கார்முகிலன் கதவைத் தட்டினான்.
காலையில் பரீட்சை, கையில் ஹால் டிக்கெட் இல்லை,
கடை மூடியாயிற்று.
அடித்துக் கொடுத்தேன்.
படத்தில் அவன் கன்னத்தில், சரியாகக் கன்னத்தில்
அந்தப் புள்ளி.
"வேற எடுக்கறேன்" என்றேன்.
பின்னாலேயே வந்த அவன் அம்மா மங்கையர்க்கரசி
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
"இருக்கட்டும். இவன் மை வெக்க விட்டு
பதினாலு வருஷமாச்சு" என்றாள்.
அவன் பிடுங்கிக்கொண்டு படியேறினான்.
ஆனாலும் புள்ளி தள்ளி விழும்படி
இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன்.
தேர்வுக் கூடத்து வாசலில்
திருஷ்டியெல்லாம் எடுபடாது.

பத்தாம் நாள்
இடது ஓரத்தை அரை அங்குலம் நகர்த்தினேன்.
புள்ளி இப்போது வெற்றிடத்தில் விழுகிறது,
கோப்புக் கயிற்றுக்கு நான் துளை போடும் பக்கத்தில்.
ஒன்று துளையோடு போய்விடுகிறது,
மீதியை யாரும் கேட்கவில்லை.

"பெட்டி வருதாக்கா? கடை சாத்தப் போறேன்."
"வரல" என்றேன்.
"டோனர் ஒண்ணு என்ன விலை?"