காரணம் என்ற கட்டம்

கம்பெனி உத்தரவு:
விற்பனைப் பிரதிநிதியின் வாய் எந்நேரமும் மணக்க வேண்டும்.
ஆகவே காரைக்குடி பஸ் நிலையத்தில் இறங்கியதும்
முதல் ஸ்னோரா சூயிங்கம்,
கழனிவாசல் முக்கில் இரண்டாவது.
கல்லுக்கட்டி வருவதற்குள் என் நாக்கு
வேறு யாருடையதோ.

உறையின் மேல் ஒரு பனிமலை.
உறைக்கு வெளியே சித்திரை.
கண்ணாடி பாட்டிலுக்குள் மலை இளகி
காகிதத்தோடு ஒட்டிக்கொள்கிறது.
"உன் பனியைப் பிரிக்க உளி வேணும்யா" என்பார்
செக்காலை ரோட்டு அடைக்கப்பன்.
இருந்தாலும் ஐந்து டப்பா எடுப்பார்,
மிட்டாயாக அல்ல, சில்லறையாக.
அவர் கடையில் எங்கள் புதினா வில்லை ஒரு ரூபாய்.
அதையே திருப்பி நீட்டினால் மட்டும்
அது மிட்டாய்.

மதியம் வயிரவன் மெஸ்.
கல்லா முன் நின்று மனப்பாடத்தை ஆரம்பித்தேன்.
பூண்டு போகும் அண்ணே, வெங்காயம் போகும்,
முப்பது நொடியில் மீன் போகும்,
சாப்பிட்ட சுவடே இருக்காது.

அவர் கல்லாவை மூடினார்.

"நாலரை மணிக்கு எந்திரிச்சு கல்பாசி வறுக்கிறேன்.
மராட்டி மொக்கு கருகாம கிட்டவே நிக்கிறேன்.
எண்ணெய் பிரியிற வரைக்கும்
என் வீட்டுக்காரி கூப்பிட்டாக்கூடத் திரும்புறதில்ல.
அது முப்பது நொடியில போகணுமா?
எங்கிட்டச் சாப்பிட்டவன்
திருப்பத்தூர் தாண்டி ஏப்பம் விடணும் தம்பி.
அதுக்குத்தான் காசு."

பிறகு அசையும் என் தாடையைப் பார்த்தார்.
"துப்பு. துப்பிட்டு உக்காரு."

துப்பினேன்.
பானைத் தண்ணீர் ஐஸாக இறங்கியது.
முதல் கவளத்தில் ஒன்றும் இல்லை.
இரண்டாவதில் உறைப்பு மட்டும்,
பக்கத்து வீட்டில் யாரோ சத்தம் போடுவது போல.
நாலாவதில்தான்
நண்டு என் வாய்க்குள் வந்து சேர்ந்தது,
மிளகோடு, சோம்போடு, ஓடு கடித்த உப்போடு.
நெற்றி வேர்த்தது. மூக்கு ஒழுகியது.
மூன்று வருஷமாக இந்த லைனில்
எத்தனை சாப்பாட்டைக்
குளிர்சாதனப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறேன்?

கை கழுவப் பின்பக்கம் போனால்
சின்ன வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணம்.
"வாய்க்கு வச்சிருக்கீக, சரி.
கைக்கு ஏதும் இருக்கா?
ராத்திரி தலையைத் தடவுனா
புள்ள அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிறான்."

பயிற்சி வகுப்பில் சொல்லித் தராத கேள்வி.
சாம்பிள் வில்லை ஒன்று கொடுத்தேன்.
அரிவாள்மணைக் கட்டையில் வைத்து நசுக்கி
உள்ளங்கை முழுக்கத் தேய்த்தாள்,
முகர்ந்தாள்.
"வெங்காயத்துக்குச் சளி புடிச்சிருச்சு" என்றாள்.
இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.
வெங்காயம்தான்.

ஆர்டர் புத்தகத்தில் எழுதினேன்:
வயிரவன் மெஸ், பூஜ்யம்.
காரணம் என்ற கட்டத்தில்:
போட்டித் தயாரிப்பு வலுவானது.

தேவகோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்
மெல்ல மூக்கை உயர்த்தினார்.
என் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று.

"நண்டா?" என்றார்.
"வயிரவன் கடையா?"

பையிலிருந்து கையை எடுத்துவிட்டு
வாயை நன்றாகத் திறந்து
ஆமாம் என்றேன்.