ஐந்து மீட்டர் முன்னால்

மேசைமேல் மூன்று பெட்டிகள்.
விற்க வந்த மரினிஸ் ஒவ்வொன்றாய்த் திறந்தார்,
நகைக்கடையில் வளையல் எடுத்துக் காட்டுகிறவரைப் போல.

முதலாவது எங்களுக்குப் பழகியதுதான்.
பீப், பீப், பீப்.
பின்னால் நகரும்போதெல்லாம்
எங்கள் வண்டிகள் பதினோரு வருடமாய்ச் சொல்லும் ஒரே சொல்.
"இது வேண்டாம்" என்றார் கிரைன்.
ஏன் என்றதற்குக் கூரையைக் காட்டினார்.

உத்திரத்தில் ஒரு ஸ்டார்லிங்.
மைனாவின் தூரத்து உறவு, அதே வாய்.
தொண்டையைப் புடைத்துக்கொண்டு
பீப், பீப், பீப் என்றது,
சுதி பிசகாமல்.
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஏழு.
எட்டாவது பறக்கிறது.
அது கத்தக் கத்தத் திரும்பிப் பார்த்து
கழுத்து நோக
கடைசியில் யாருமே திரும்புவதில்லை.
புலி வருது கதைதான்;
கத்தியது மட்டும் நாங்கள் இல்லை.

மேசையைப் போடவைத்தது ஓர் அக்டோபர் செவ்வாய்.
ஷெல்ட் கழிமுகத்தில் விடாத மழை,
டிராக்டர் டிராக்டராய் வெங்காயம்.
தரம்பிரிக்கும் எந்திரத்தின் இரைச்சலில்
காதுமூடியோடு நின்றாள் யிக்கெமின்.
அவள் முதுகுக்குப் பின்னே
மரப்பெட்டிகள் ஆறடுக்கு, மதில்போல.
மதிலுக்கு அந்தப் பக்கம்
சுமை முன்பார்வையை மறைத்ததால்
பின்னோக்கி ஓட்டி வந்தான் லேன்டெர்ட்.

அவள் கையிலிருந்து ஒரு வெங்காயம் நழுவி
முனையைத் தாண்டி உருண்டது.
வெங்காயம் தானாக உருளாது என்று
அவன் தலைக்கு முன்னால்
அவன் கால் யோசித்தது.
பிரேக்.
எடுக்கப் போனவளின் முழங்காலுக்கும்
வண்டியின் இரும்புக்கும் நடுவே
ஒரு சாண்.

பீப் கேட்கவில்லையா என்று விசாரித்தோம்.
"கேட்டது.
பறவை என்று நினைத்தேன்."

இரண்டாவது பெட்டி வாய் திறந்தது:
ஸ்ஷ்ஷ், ஸ்ஷ்ஷ்.
எந்தத் திசை என்று காது உடனே கண்டுகொள்ளுமாம்,
தெருவுக்கு அப்பால் தூங்குகிறவர்களை எழுப்பாதாம்,
எந்தப் பறவையும் இதைப் பாடாதாம்.
கிரைன் எழுந்துபோய்
சருகுக் குவியலில் கையை விட்டு அளைந்தார்.
ஸ்ஷ்ஷ், ஸ்ஷ்ஷ்.
மரினிஸுக்கு முகம் வெளுத்தது, பிறகு சிரித்துவிட்டார்.
சுற்றுச் சத்தத்தைத் தானே அளந்து
அதற்குமேல் குரலை உயர்த்தும் ரகம் ஒன்று உண்டென்று
பையின் அடியிலிருந்து எடுத்தார்.
விலையைக் கேட்டு மேலாளர் இருமினார்.
நான் எழுதிக்கொண்டேன்: ஏழு.

சுழலும் மஞ்சள் விளக்கைப் பேச்சிலேயே விட்டோம்.
தகரச் சுவரெல்லாம் அதைத் திருப்பி அடிக்கும்,
எல்லாப் பக்கமும் ஆபத்து என்றால்
எந்தப் பக்கம் ஒதுங்குவது?

மூன்றாவதற்கு விளக்கை அணைக்கச் சொன்னார்.
தூசித் தரையில்
ஒரு நீல வட்டம் வந்து உட்கார்ந்தது.
சத்தமில்லை. வண்டி இன்னும் வரவில்லை,
அதன் சேதி மட்டும் வந்துவிட்டது.

அதுவரை பேசாதிருந்த யிக்கெமின் எழுந்தாள்.
"எவ்வளவு தூரம்?"
"மூன்று மீட்டர்."
"ஈரத் தரை. முழுச் சுமை. போதாது."
ஏப்ரனிலிருந்து வெங்காயம் ஒன்றை எடுத்து உருட்டினாள்.
அது தள்ளாடிப் போய்
வடிகால் மூடியருகே நின்றது.
"அங்கே விழட்டும்."
டேப் வைத்துப் பார்த்தேன்,
ஐந்துக்கு ஒரு விரல்கடை குறைவு.
அன்று ஏலத்தில் கிலோவுக்கு என்ன விலை போனதென்று நினைவில்லை;
அந்த ஒரு வெங்காயம் நினைவிருக்கிறது.

டிசம்பரில் மாட்டினோம்.
மூன்றாம் எண் வண்டியின் விளக்கு
மூன்று நாளுக்கொருமுறை தலை தாழ்த்திக்கொள்கிறது,
லேன்டெர்ட் ஸ்பேனரும் கையுமாய்த் திரிகிறான்.
பெட்டி மதிலின் முனையில்
நீலம் அவள் பூட்ஸைத் தொடும்.
நிற்பாள்.
அவன் கடந்ததும் ஒரு விரலை உயர்த்துவான்,
அவ்வளவுதான், நன்றி சொல்லும் வழக்கமெல்லாம்
இந்தக் கிடங்கில் யாருக்கும் இல்லை.

வசந்தத்தில் புதிதாய்ச் சேர்ந்த ஒரு பையன்
காலியான நடைபாதையில் சட்டென்று
சுவரோடு ஒட்டி நின்றான்.
முன்னும் பின்னும் பார்த்தான்.
ஒன்றும் வரவில்லை.
மேலே, உத்திரத்தில்,
எங்கள் பழைய எச்சரிக்கை
தன் ஜோடியை அழைத்துக்கொண்டிருந்தது.