அடித்தல் திருத்தல்

செலின்,
ஏழாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது என்று
முத்தியால்பேட்டையிலிருந்து நீ அனுப்பிய குரல்பதிவை
மஞ்சக்குப்பத்தில், சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே,
ஜெராக்ஸ் மெஷின் சத்தத்தில் மூன்று முறை கேட்டேன்.
நாவலைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று சொல்ல மாட்டேன்.
பதினாறு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
அதிலும் ஆட்கள் வருகிறார்கள்,
நிலம் வருகிறது, கடன் வருகிறது,
கடைசிப் பக்கத்தில் தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறான்.

முதலில் நான்கெல்லை.
வடக்கே ராசாங்கம் மனை, தெற்கே பொதுவாய்க்கால்,
மேற்கே தார்ரோடு, கிழக்கே கலியன் முந்திரித்தோப்பு.
நடுவில் இருப்பது மட்டும்தான் விற்பனைக்கு.
நீ தோப்பையும் சேர்த்து எழுதுகிறாய்.
கதாநாயகியின் அத்தை கல்யாணம்
யாருடைய மனையில் நடக்கிறது, சொல்.

'அழகான' என்று நான் ஒரு வீட்டுக்கும் எழுதியதில்லை.
மெத்தை வீடு, இரண்டு கதவு, நான்கு ஜன்னல்,
ஒரு மோட்டார், அதற்கான மின் இணைப்பு.
வாங்குகிறவர் படித்துவிட்டுத்
தானே உள்ளே போய் விளக்கைப் போட்டுக்கொள்வார்.

தானே புயலுக்கு அடுத்த வருஷம்
ராமாபுரத்திலிருந்து ஒருவர் வந்தார்.
தாய்ப்பத்திரத்தில் கிழக்கெல்லை: பலாமரம்.
மரம் விழுந்து விறகாகிவிட்டது.
எல்லை எங்கே என்றேன்.
கையை நீட்டிக் காற்றில் காட்டினார்:
"இங்க ஒரு நெழலு இருந்துச்சு."
பத்திரத்தில் அதை எழுத முடியாது,
சர்வேயர் நட்ட கல்லைத்தான் எழுதினேன்.
ராத்திரி என் நோட்டில் நிழலை எழுதினேன்.
என் நாவல் அங்கேதான் ஆரம்பம்.
அது தெரிந்தது அறுபத்தோராம் பக்கத்தில்.
முன்னால் இருந்த அறுபதையும் எடுத்தேன்.
எடுத்த அன்று ஓ.டி. பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.
சில்லறைக்காக என்று நினைத்த கண்டக்டர்
பாக்கி எட்டு ரூபாயை உடனே கொடுத்துவிட்டார்.

உற்சாகம் எப்போது வரும் என்று கேட்டாய்.
தெரியாது.
டோக்கன் பத்தரைக்கு. பார்ட்டி வந்தாலும் வராவிட்டாலும்
ஒன்பதுக்கு நான் ஷட்டரைத் தூக்குகிறேன்.
சில நாள் சிப்காட் பக்கமிருந்து காற்றடிக்கும், தலைவலி.
அன்றைக்கும் நான்கு வரி.
நான்கும் மோசம் என்று மறுநாள் தெரியும்.
தெரிவதற்காவது நான்கு வரி வேண்டுமே.

சத்தமாகப் படி.
படித்துக் காட்டாமல் நாங்கள்
யாரிடமும் கைநாட்டு வாங்குவதில்லை.
கேட்கிறவர் கண் எந்த இடத்தில்
சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறதோ
அங்கே ஒரு பென்சில் புள்ளி.

இன்னொன்று.
எங்கள் தொழிலில் அடித்ததை மறைக்க முடியாது.
தாளின் அடியில் கணக்குச் சொல்ல வேண்டும்:
அடித்தல் இத்தனை, திருத்தல் இத்தனை,
வரியிடைச் சேர்த்தல் இத்தனை.
ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுத வேண்டும்.
'இல்லை' என்று எழுதும்போதுதான் எனக்குப் பயம்.

சனிக்கிழமை ஏழாம் அத்தியாயத்தை எடுத்து வா.
தேவனாம்பட்டினத்தில், பஜ்ஜிக் கடைகளைத் தாண்டி உட்காரலாம்.
காற்றில் தாள் பறக்கும்.
பறக்கிற தாளில் இரண்டொன்றை
நாம் துரத்தாமல் விடலாம்.

இந்தக் கடிதத்தில்
அடித்தல் ஒன்பது. திருத்தல் நான்கு.
வரியிடைச் சேர்த்தல் ஒன்று:
'அழுதேன்' என்பதற்கு முன்னால்
'ஜன்னலோரம் உட்கார்ந்து'.